ஓட்டுநர் சீட்டிலிருந்து இறங்கிய பிறகு

26 வருஷம் பஸ் ஓட்டினேன். வழியில் மோட்டலில் நிறுத்தினால் பரோட்டா, சால்னா, ஆம்லெட். ஓட்டுநர், நடத்துநரிடம் காசு வாங்க மாட்டார்கள். ஓசிச் சாப்பாட்டில் என்ன எண்ணெய் என்று யார் கேட்பார்? வேலைக்குச் சேர்ந்தபோது 34 அங்குலமாக இருந்த இடுப்பு 40 ஆனது. சீருடை தைக்கிறவர்தான் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

51 வயதில் ஒரு நாள் மாடிப்படி ஏறும்போது நெஞ்சில் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்ததுபோல் அழுத்தம், சட்டை நனைய வேர்வை. வாய்வு என்று சோடா குடித்து ஒன்றரை மணி நேரத்தைத் தொலைத்தேன். வந்தது மாரடைப்பு. அப்புறம் மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ என்ற ரத்தக்குழாய்ப் பரிசோதனை, இதயத்தின் முக்கிய ரத்தக்குழாயில் 90 சதவீத அடைப்பு, குழாயைத் திறந்து வைக்க ஒரு ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாய்.

வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் என்னைப் படுக்க வைத்தார்கள். பிசியோதெரபிஸ்ட்தான் எழுப்பி விட்டார். ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறேன் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அளந்தார்: 290 மீட்டர். பஸ்ஸில் அரை நிமிடத்தில் கடக்கிற தூரம்.

என் வேலையைக் கேட்டதும் அவர் ஒரு கதை சொன்னார். லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் மாடி பஸ் ஊழியர்களை ஆராய்ந்து 1953இல் வெளியிட்டாராம். நாள் முழுக்கப் படியேறி இறங்கும் நடத்துநர்களைவிட, உட்கார்ந்தே இருக்கும் ஓட்டுநர்களுக்கு மாரடைப்பு அதிகம். பிறகு சீருடை அளவுகளையும் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள்; ஓட்டுநர்களுக்கு இடுப்பு பெரிது. எங்கள் தையற்காரர் கண்டுபிடித்ததை லண்டனிலும் கண்டுபிடித்திருக்கிறார்கள்!

முதல் வாரம் தெருவில் ஐந்து ஐந்து நிமிடமாக, நாளைக்கு மூன்று முறை. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வேகத்துக்கு அதுதான் அளவு. நெஞ்சு பிடித்தால் உடனே நிற்க வேண்டும். பத்தாவது வாரத்தில் 35 நிமிடம், வாரம் ஐந்து நாள் என்று வந்து சேர்ந்தேன்.

"நடந்தால் அடைப்பு கரைந்துவிடுமா சார்?" என்று கேட்டேன். கரையாது என்றார். வேகமாக நடக்கும்போது ரத்தம் குழாயின் உட்சுவரை உரசி ஓடுகிறது. அந்தச் சுவர் நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கிறது. குழாய் தளர்ந்து விரிகிறது. தினமும் பழக்கினால் பிரஷரும் இறங்கும், இதயத்துக்கும் பாரம் குறையும் என்றார்.

சாப்பாட்டில்தான் சொதப்பினேன். சோற்றை அடியோடு விட்டுவிட்டு ராத்திரி ஆறு சப்பாத்தி சாப்பிட்டேன். டயட்டீஷியன் சிரித்துவிட்டார். ஒரு கப் சோறு, அதைவிட அதிகமாகக் காய், கூடவே சுண்டலோ பருப்போ என்று மாற்றிக் கொடுத்தார். பாமாயில் போய்க் கடலை எண்ணெய் வந்தது, அதுவும் அளந்து. வறுத்த மீன் குழம்பு மீனானது.

உப்புக் கணக்கு என்னை உலுக்கிவிட்டது. மூன்று பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் 25 நாளில் தீர்ந்துகொண்டிருந்தது. தலைக்கு நாளைக்கு 13 கிராம்! உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குக் கீழே. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சரில் இருக்கிற உப்பு இந்த 13 கிராமில் சேராது, அது தனி. இந்துப்புக்கு மாறலாமே என்றேன். அதுவும் சோடியம்தான் என்று வாயை அடைத்துவிட்டார்கள். மூன்று வாரம் எல்லாம் சப்பென்று இருந்தது. அப்புறம் நாக்கு பழகிவிட்டது. இப்போது ஓட்டல் சாம்பார் கரிக்கிறது.

மூன்றாம் மாதம் உடம்பு தெம்பாக இருக்கவே, நடக்கிறோமே என்ற தைரியத்தில் நாலு நாள் மாத்திரையை நிறுத்தினேன். டாக்டர் போட்ட சத்தம் வெளியே உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். ரத்தம் உறையாமல் வைக்கும் மாத்திரையை விட்டால் ஸ்டென்ட் உள்ளேயே கட்டி அடைத்துக்கொள்ளுமாம். கெட்ட கொழுப்பு 152இலிருந்து 68க்கு வந்ததும் பெரும்பாலும் மாத்திரையால்தான் என்றார். சரி, கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. டிரைகிளிசரைடு என்ற இன்னொரு ரத்தக் கொழுப்பும் பிரஷரும் இறங்கியதில் உங்கள் நடைக்கும் பங்கு உண்டு என்று பிறகு சமாதானப்படுத்தினார்.

போன மாதம் அதே வராந்தாவில் 450 மீட்டர். இப்போது டெப்போவில் லைட் டூட்டி. வீட்டில் உப்பு பாக்கெட்டைப் பிரிக்கிற அன்று என் மனைவி அதன் மேல் பேனாவால் தேதி எழுதி வைக்கிறாள். இப்போது ஓடுவது ஐம்பத்தெட்டாம் நாள். அடியில் இன்னும் ஒரு பிடி இருக்கிறது.