மாமா கேட்ட கேள்வி

பாம்பன் கரையில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டே மாமா கேட்டார்: "ஓட்டுப் போட்டா இரட்டைமடி நின்னுருமா மாப்ளே?"

இரட்டைமடி என்றால் இரண்டு விசைப்படகு சேர்ந்து இழுக்கிற வலை. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்று 1983-லேயே சட்டம் வந்தாச்சு. அதற்கப்புறம் எத்தனை தேர்தல்! நாட்டுப்படகுக்காரர் வலை இன்னும் அறுபட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

ஓட்டு மட்டும் போதாது என்பதற்கு இன்னொன்றும் சொல்லலாம். கட்சிகளுக்குப் பெயர் வெளியே தெரியாமல் நன்கொடை கொடுக்க வழி செய்த தேர்தல் பத்திரம் 2018-இல் வந்தது. எந்தக் கம்பெனி எந்தக் கட்சிக்கு எவ்வளவு கொடுத்தது என்று ஓட்டுப் போடுகிற நமக்குச் சொல்லவே இல்லை. 2019-இல் அது தெரியாமலேதான் பொத்தானை அழுத்தினோம். 2024 பிப்ரவரி 15-இல் செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். அதைச் சாதித்தது ஓட்டு இல்லை, சிலர் விடாமல் நடத்திய வழக்கு. மார்ச்சில் பட்டியல் வெளியானது. ஏப்ரல் 19 வாக்குப்பதிவு. மீன்பிடித் தடைக்காலம் வேறு, விசைப்படகெல்லாம் கரையில்தான் கிடந்தன. ஆற அமரப் படித்திருக்கலாம். டீக்கடையில் அதைப் பற்றி ஒருத்தர் பேசிக்கூட நான் கேட்கவில்லை. (நானும்தான் பேசவில்லை.)

அதற்காக ஓட்டு வீண் என்று சொல்ல மாட்டேன். பணம் கொடுத்தவன் தேர்தல் முடிந்த மறுநாளும் போய்க் கதவைத் தட்டுகிறான். நாம் மை காய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறோம்.

இதைத்தான் மாமாவிடம் சொன்னேன். ஊசியில் நூலை மாற்றிக்கொண்டே, "சரி, மனுவை நீ எழுது. கையெழுத்து வாங்க நான் வாறேன்" என்றார்.