பின்சோலோ: சாவு ஊர்வலம் போகும் கோவில் சுவர்

வடக்கு இத்தாலியில் திரெந்தோ நகரத்திலிருந்து பஸ் ஏறினால் வளைந்து வளைந்து ரெந்தேனா பள்ளத்தாக்குக்குள் போகும், ஒரு பக்கம் பிரெந்தா மலைகள், மறுபக்கம் அதமெல்லோ. முக்கால்வாசிப் பேர் பனிச்சறுக்குக்காக மேலே மதோன்னா தி கம்பீலியோவுக்குப் போகிறவர்கள். நாங்கள் அதற்கு முன்பே பின்சோலோவில் இறங்கிக்கொண்டோம், புனித விஜிலியோ ஆலயத்தைப் பார்க்க.

விஜிலியோ 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திரெந்தோவின் ஆயர், அதாவது பிஷப். நற்செய்தி அறிவிக்க இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தவர் சாட்டர்ன் என்ற ரோமானியத் தெய்வத்தின் சிலையைத் தள்ளிவிட, ஊரார் கல்லால் அடித்துக் கொன்றார்கள் என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. ஜூன் 26 அவருடைய திருவிழா. உள்ளே பீடத்தின் பக்கம் அவர் வாழ்க்கையைத் தீட்டியிருக்கிறார்கள், அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்களைக் கட்டிப்போட்டது வெளிச்சுவர்.

தெற்குச் சுவரில், கூரைக்குக் கீழே, 20 மீட்டருக்கும் மேல் நீளத்தில் ஒரு ஊர்வலம். 1539-இல் சீமோனே பாஸ்கேனிஸ் வரைந்தது. பெர்கமோ பக்கத்து அவெராரா ஊர்க்காரர். ஊர் ஊராகப் போய்க் கோவில் சுவர்களில் வரைவதுதான் தலைமுறை தலைமுறையாக அந்தக் குடும்பத்தின் பிழைப்பு. முதலில் கிரீடம் வைத்த எலும்புக்கூடு ஒன்று உட்கார்ந்து பைக்குழல் வாசிக்கிறது. 'நானே சாவு, முடி சூடியவள், எல்லாருக்கும் எஜமானி' என்று அந்த ஊர்ப் பேச்சு மொழியிலேயே இரண்டு வரி. லத்தீன் தெரியாத மாடு மேய்க்கிறவருக்கும் புரிய வேண்டுமே! அப்புறம் போப்பாண்டவர், கர்தினால், ஆயர், பேரரசர், அரசி, வைத்தியர், பணக்காரக் கஞ்சன், பிச்சைக்காரர், கிழவி, குழந்தை என்று வரிசையாக வருகிறார்கள், ஆளுக்கொரு எலும்புக்கூடு துணை.

சரி, யாரும் தப்ப முடியாது என்று பயமுறுத்துகிற படம்தானே என்று நினைத்துத்தான் நானும் பார்த்துக்கொண்டு போனேன். திரும்ப முதலிலிருந்து பார்த்தபோதுதான் உறைத்தது: போப்பாண்டவருக்கும் முன்னால், வாத்தியம் வாசிக்கும் எலும்புக்கூடுகளை அடுத்து, சிலுவையில் தொங்கும் இயேசு இருக்கிறார். 'பாவியே, இவளை நினைத்துப் பார், இவளுக்கு ஆண்டவனான என்னையே கொன்றுவிட்டாள்' என்று சாவைப் பற்றிச் சொல்கிறார். அந்த வரிசையில் ஆண்டவரே முதல் ஆளாகப் போய் நிற்கிறார் என்றால் பின்னால் நிற்க எனக்கென்ன பயம்? சாவை நினைவூட்டும் சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பல் பூசும்போது எத்தனையோ மறையுரை கேட்டிருக்கிறேன், இந்தச் சுவர் சொன்ன அளவுக்கு எதுவும் மனதில் பதிந்ததில்லை. அங்கேயே நின்று இறந்துபோன எங்கள் வீட்டாருக்காக ஜெபமாலையில் ஒரு பத்துமணி சொன்னோம். பக்கத்திலேயே ஊர்க் கல்லறைத் தோட்டம் வேறு.

அதே சமயத்தில் ரோமில் மைக்கேலாஞ்சலோ கடைசித் தீர்ப்பை வரைந்துகொண்டிருந்தார். அதோடு ஒப்பிட்டால் பாஸ்கேனிஸின் ஆட்கள் விறைப்பாக, பழைய பாணியில்தான் நிற்கிறார்கள். இருக்கட்டுமே. ஈரச் சுண்ணாம்புப் பூச்சு காய்வதற்குள் தீட்டிய நிறம் சுவரோடு சேர்ந்துவிடுவதால், கிட்டத்தட்ட 500 வருடப் பனிக்கும் வெயிலுக்கும் இன்னும் தாங்குகிறது.

ஆலயம் பூட்டியிருந்தாலும் வெளிச்சுவரைப் பார்க்கத் தடையில்லை. நேரம் இருந்தால் பக்கத்து ஊரான கரிசோலோவுக்கும் போங்கள். அங்கே பாறை மேல் நிற்கும் புனித ஸ்தேவான் ஆலயத்தில், இதே ஓவியர் 20 வருடம் முன்னால், 1519-இல் வரைந்த சாவு ஊர்வலம் இருக்கிறது.