இரணைமடுக் கதையும் காலைப் புட்டும்

தங்கச்சிக்கு அனொரெக்சியா, சாப்பிடவே பயப்பட வைக்கும் நோய். காலையில் அரை நீத்துப்பெட்டிப் புட்டைச் சாப்பிட்டு முடிக்க 50 நிமிடம். தேங்காய்ப்பூவைப் பிரித்துப் பிரித்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினாள். நான் பக்கத்தில் இருந்து கிளிநொச்சி இரணைமடுக் குளத்தில் வான்கதவு திறந்த கதையை இழுத்துக்கொண்டிருந்தேன். சாப்பாட்டைப் பற்றி மூச்சுவிடவில்லை.

அம்மாவுக்குத்தான் ஆறவில்லை. 2009இல் முள்ளிவாய்க்காலில் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர். "சோறு இருந்தும் தின்னுறாள் இல்லையே" என்று அழுகிறார். பிடிவாதம் இல்லையம்மா, நோய். பட்டினி கிடந்தால் நாடித்துடிப்பும் குறையும், சோற்றுப் பயமும் கூடும். ஒரேயடியாகத் திணித்தாலும் இரத்தத்தில் பொஸ்பேற்று என்ற உப்பு இறங்கி ஆபத்து. அதுதான் டொக்டர் மெல்ல மெல்லக் கூட்டுகிறார்.

வீட்டுக்கு வாறவை, "மெலிஞ்சு வடிவாயிட்டாய்" என்று மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. போன கிழமை ஒரு மாமி சொல்லி, இரண்டு நாள் சாப்பாடு போச்சு.

சரி, பின்னேரம் சீனி போட்ட பால்தேத்தண்ணி. அதற்கு வேறு கதை தேட வேண்டும்.