ஒற்றை ஆட்டக் கோப்பையின் கணக்கு வழக்கு

பழைய கால்பந்துப் போட்டி முடிவுகளைத் தொகுத்துப் பட்டியலிடும் வேலையில் லீக்கைவிடச் சூப்பர் கோப்பைதான் அதிகம் படுத்தும். 18 அணிகள் ஆடும் லீக் என்றால் ஒரு பருவத்துக்கு 306 ஆட்டங்கள். அதில் ஒரு முடிவைத் தவறாக எழுதினாலும் கடைசியில் கோல் கணக்கும் புள்ளிக் கணக்கும் இடிக்கும். பிழை தானாக வெளியே வந்துவிடும். லீக் சாம்பியனும் கோப்பை வென்ற அணியும் மோதும் சூப்பர் கோப்பைக்கு ஆண்டுக்கு ஒரே ஆட்டம். தவறாக எழுதினால் காட்டிக்கொடுக்க அக்கம்பக்கத்தில் எதுவும் இல்லை. ஒருவர் போட்ட பிழையைப் பத்துப் பேர் பார்த்து எழுதிய பிறகு அதுவே ஆதாரம் ஆகிவிடும்.

இதற்கு நல்ல பாடம் ஜெர்மனியின் பழைய சூப்பர் கோப்பை. ஜெர்மன் கால்பந்துச் சங்கம் 1987இல் தொடங்கி 1996இல் நிறுத்திய போட்டி. முதல் டிவிஷன் லீக்கான பன்டஸ்லீகாவின் சாம்பியனும், தனியே நடக்கும் சங்கக் கோப்பையை வென்ற அணியும் பருவம் தொடங்கும் முன் ஒருமுறை மோதும். பயர்ன் மியூனிக் 1987, 1990, வெர்டர் பிரேமன் 1988, 1993, 1994, போருசியா டார்ட்மண்ட் 1989, 1995, 1996, கைசர்ஸ்லாடர்ன் 1991, ஸ்டுட்கார்ட் 1992. இவ்வளவுதான் வெற்றியாளர் பட்டியல். அரைப் பக்கம் போதும் என்று தோன்றும். ஆனால் பத்துப் போட்டிக்குப் பத்து ஆட்டம் என்று எழுதினால் அப்போதே தவறு. மொத்தம் 12 ஆட்டங்கள்.

காரணம் 1991. இரு ஜெர்மனிகளும் இணைந்த பிறகு வந்த முதல் கோடை அது. கிழக்கில் கடைசி லீக் பருவம் அப்போதுதான் முடிந்திருந்தது. மேற்கிலிருந்து கைசர்ஸ்லாடர்னும் வெர்டர் பிரேமனும் தகுதி பெற்றன. கிழக்கில் லீக், கோப்பை இரண்டையும் ஹான்சா ரோஸ்டாக் ஒன்றே தட்டிச்சென்றிருந்தது. அப்படியானால் கிழக்கின் இரண்டாவது இடம் யாருக்கு? கோப்பை இறுதியில் ரோஸ்டாக்கிடம் தோற்ற ஐசன்ஹூட்டன்ஸ்டாட் அணிக்கு. எஃகு ஆலை நகரம் ஒன்றின் சிறிய அணி, தோற்ற கையோடு சூப்பர் கோப்பைக்குள் வந்தது. ஆக இரண்டு அரையிறுதி, ஓர் இறுதி. இறுதியில் கைசர்ஸ்லாடர்ன் 3-1 என்று பிரேமனை வென்றது. இதைத் தொகுப்பவர்கள் பெரும்பாலும் இறுதி ஆட்டத்தை மட்டும் எழுதி அரையிறுதிகளை விட்டுவிடுகிறார்கள். அந்த இரு கிழக்கு அணிகளும் பங்கேற்றோர் பட்டியலிலிருந்தே காணாமல்போவது இப்படித்தான். அட்டவணையில் ‘தகுதி பெற்ற வழி’ என்று தனியாக ஒரு பத்தி (நெடுவரிசை) போட்டு, ஒவ்வொரு அணிக்கு எதிரிலும் சாம்பியன், கோப்பை வென்றவர், கோப்பை இறுதியில் தோற்றவர் என்று எழுதிவிட்டால் இந்தப் பிழை வராது.

அந்தப் பத்தி இன்னொரு வகையிலும் உதவும். சங்கக் கோப்பையை வெல்வது முதல் டிவிஷன் அணியாகத்தான் இருக்க வேண்டும் என்ற விதி எதுவும் இல்லையே. 1992இல் சங்கக் கோப்பையை வென்ற ஹனோவர் 96 இரண்டாம் டிவிஷன் அணி. ஸ்டுட்கார்ட்டிடம் 3-1 என்று தோற்றது. 1996 இன்னும் வேடிக்கை. கைசர்ஸ்லாடர்ன் அந்தப் பருவத்தில் பன்டஸ்லீகாவிலிருந்து இறக்கப்பட்டது, அதே பருவத்தில் சங்கக் கோப்பையையும் வென்றது. எனவே சூப்பர் கோப்பையில் டார்ட்மண்டை எதிர்த்து நின்றது ஓர் இரண்டாம் டிவிஷன் அணி. அதையும் பெனால்டி வரை இழுத்துத்தான் தோற்றது. ‘பன்டஸ்லீகா அணிகள்’ என்று வடிகட்டித் தேடினால் இந்த இரண்டு ஆட்டங்களும் கையில் சிக்காது.

பெனால்டி என்றதும் கவனிக்க வேண்டிய ஒன்று. ஜெர்மன் செய்தித்தாள்களில் பெனால்டியில் முடிந்த ஆட்டத்தை இரண்டு விதமாக அச்சிடுவார்கள். ஒன்று, பெனால்டி கணக்கை மட்டும் தனியாகத் தருவது. மற்றது, ஆட்ட கோல்களையும் பெனால்டி கோல்களையும் கூட்டித் தருவது. 1-1 என்று முடிந்த ஆட்டத்தில் பெனால்டி 4-2 என்றால், கூட்டி எழுதுபவர் 5-3 என்று எழுதுவார். இரண்டுக்கும் சுருக்கெழுத்தில் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம்; பழைய நுண்படச்சுருளில் (மைக்ரோஃபிலிமில்) அது தெரியாது. எந்த முறை என்று உறுதி செய்யாமல் எண்ணை அட்டவணையில் ஏற்றக் கூடாது. நேருக்கு நேர் கணக்கில் அந்த ஆட்டம் சமன் என்றுதான் போக வேண்டும்; கோப்பை யாருக்கு என்பது வேறு பத்தி.

ஆண்டைப் போடுவதிலும் சறுக்கல் உண்டு. கோடையில் நடக்கும் ஆட்டம் முந்தைய பருவத்தின் வெற்றியாளர்களுக்கானது. 1987க்கு முன்பே இதே மாதிரி ஓரிரு ஆட்டங்கள் நடந்தன. 1976இன் சாம்பியன் மான்சென்கிளாட்பாக்கும் கோப்பை வென்ற ஹாம்பர்க்கும் மோதியது 1977 ஜனவரியில். 1982இன் சாம்பியன் ஹாம்பர்க்கும் கோப்பை வென்ற பயர்னும் மோதியது 1983 ஏப்ரலில், அதாவது அடுத்த பருவத்தின் நடுவில். அடுத்த மாதமே ஐரோப்பியக் கோப்பை இறுதியில் யுவென்டஸை வெல்லப்போகிற ஹாம்பர்க்குக்கு அந்த ஏப்ரல் மாலை எவ்வளவு முக்கியமாக இருந்திருக்கும்! இந்த ஆட்டங்களை ‘அதிகாரபூர்வமற்றவை’ என்ற தலைப்பில் தனியே வைப்பதுதான் வழக்கம், அதுதான் சரியும்கூட.

முக்கியமில்லாத ஆட்டம் என்று இதை ஒதுக்குபவர்களுக்கு 1987 ஜூலை 28ஐக் காட்டலாம். பிராங்க்ஃபர்ட்டில் பயர்ன் 2-1 என்று ஹாம்பர்க்கை வென்ற முதல் போட்டி. பயர்னின் இரண்டு கோலையும் அடித்தவர் யூர்கன் வெக்மன். இரண்டாவது கோல் விழுந்தது ஆட்டம் முடியும் தறுவாயில். ஹாம்பர்க் கோல் கீப்பர் உலி ஸ்டைன் முஷ்டியை மடக்கி வெக்மனைக் குத்தினார், சிவப்பு அட்டை. கிளப் ஸ்டைனை வேலையை விட்டே அனுப்பியது. அவர் ஐன்ட்ராக்ட் பிராங்க்ஃபர்ட்டுக்குப் போய், 1988இல் அந்த அணியோடு சங்கக் கோப்பையை வென்று, மறுபடி சூப்பர் கோப்பைக்கே வந்து நின்றார். இந்த முறை பிரேமனிடம் 2-0 தோல்வி. கோல் அடித்தவர் பெயரை எழுதிவிட்டு அட்டைப் பத்தியைக் காலியாக விடும் தொகுப்பில் இந்த ஆட்டத்தின் பாதிக் கதை இருக்காது.

1997இல் சூப்பர் கோப்பையின் இடத்துக்கு ஆறு அணிகள் ஆடும் லீக் கோப்பை வந்தது. ஓர் ஆட்டம் ஐந்தானது. ஒளிபரப்புக்கு விற்க ஒரு மாலைக்குப் பதில் ஐந்து கிடைத்தன. ஒரே அணி லீக்கையும் கோப்பையையும் வென்றால் எதிரணிக்கு எங்கே போவது என்ற தலைவலியும் இல்லை. இந்த இரண்டாவது காரணத்தை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. 1987 முதல் 1996 வரை மேற்கிலும், பின்னர் இணைந்த ஜெர்மனியிலும் எந்த அணியும் இரண்டையும் ஒருசேர வெல்லவில்லை. பழைய கோப்பைக்கு அது அதிர்ஷ்டம். ஆனால் 2000, 2003, 2005, 2006இல் பயர்னும் 2004இல் பிரேமனும் வென்றன. ஒற்றை ஆட்டக் கோப்பை அப்போது இருந்திருந்தால் ஐந்து முறை விதியைத் தேடியிருக்க வேண்டும்.

விதி எப்படியெல்லாம் மாறும் என்பதற்கு அடுத்து வந்த ஆண்டுகளே சாட்சி. 2008இல் ஐரோப்பியச் சாம்பியன்ஷிப் போட்டியால் நாள்காட்டி நெருக்கடியாகி லீக் கோப்பை நின்றது. அந்தக் கோடையில் அதிகாரபூர்வமற்ற ஒரு சூப்பர் கோப்பை நடந்தது. பயர்ன் இரண்டையும் வென்றிருந்ததால் எதிரணி டார்ட்மண்ட்: லீக்கில் 13ஆவது இடம், ஆனால் கோப்பை இறுதியில் ஆடிய அணி. 2-1 என்று ஜெயித்ததும் அவர்கள்தான். 2010இல் லீக் நிர்வாகம் அதிகாரபூர்வமாகச் சூப்பர் கோப்பையை மீட்டபோது பயர்ன் மறுபடி இரண்டையும் வென்றிருந்தது. இந்த முறை எதிரணி லீக்கில் இரண்டாவதாக வந்த ஷால்க. இரண்டே ஆண்டில் அளவுகோல் மாறிவிட்டது.

1996 வரையிலான தொடரையும் 2010க்குப் பிந்தைய தொடரையும் ஒரே பட்டியலாக ஒட்டுவது இன்று பரவலாக நடக்கிறது. நடத்தும் அமைப்பே வேறு; நடுவில் 13 கோடைகள் வெற்றிடம். ஒட்டினால் பயர்ன் எல்லோரையும் விட்டு மேலே போய் நிற்கும். பிரித்து வைத்தால்தான், முதல் தொடரில் பிரேமனும் டார்ட்மண்டும் மும்மூன்று முறை வென்றதும், நான்கு முறை ஆடிய பயர்ன் இரண்டோடு நின்றதும் தெரியும். கூட்டுத்தொகை வேண்டுமென்றால் கீழே தனி வரியாகப் போடலாம்.

கிழக்கு ஜெர்மனியின் சூப்பர் கோப்பைக்கும் தனி அட்டவணைதான். அதில் ஒரே ஒரு வரி: 1989 ஆகஸ்ட் 5, காட்புஸ், கோப்பை வென்ற பெர்லின் டைனமோ 4, சாம்பியன் டிரெஸ்டன் டைனமோ 1. தொடர்ந்து பத்து முறை லீக்கை வென்ற பெர்லினின் ஆட்சியை டிரெஸ்டன் அந்த ஆண்டுதான் முறித்திருந்தது. நவம்பரில் பெர்லின் சுவர் திறந்தது. 1990இல் டிரெஸ்டன் லீக், கோப்பை இரண்டையும் வென்றது. அந்தக் கோடையில் சூப்பர் கோப்பை நடக்கவில்லை. அந்த வரிக்குக் கீழே ‘1990: நடைபெறவில்லை’ என்று எழுதிவிட வேண்டும். வெறுமையாக விட்டால் யாராவது 1991இன் ரோஸ்டாக்கைக் கொண்டுவந்து அங்கே செருகிவிடுவார்கள்.