சாயங்காலத்துச் சர்க்கரை

டயாலிசிஸில் இருந்தவரை எனக்குச் சர்க்கரை நோய் கிடையாது. அம்மா தந்த கிட்னியை மதுரையில் பொருத்திக்கொண்டு அம்பாசமுத்திரம் திரும்பிய பிறகுதான் வந்தது. கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 1.2-க்கு இறங்கிவிட்டது, சிறுநீர் தாராளமாகப் போகிறது என்று வீடே நிம்மதியாக இருந்த நேரம் அது. கிட்னி மாறினால் ஹார்மோன்களின் கணக்கும் கூடவே மாறும் என்பது அடுத்து ஆபரேஷனுக்குப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

காலையில் வெறும் வயிற்றில் எடுத்தால் சுகர் 96, 102 என்றுதான் காட்டும். ஆனால் மதியத்துக்கு மேல் நாக்கு வறண்டு, எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்காது. எங்கள் ஊர் லேபில் வேலை பார்க்கும் தம்பிதான், "அண்ணாச்சி, ஒரு நாள் சாயங்காலம் வந்து குடுத்துப் பாருங்களேன்" என்றான். 274 இருந்தது.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டெராய்டு மாத்திரையைக் காலையில் விழுங்குகிறோம். அதன் வேகம் மதியச் சாப்பாட்டிலிருந்து சாயங்காலம் வரைதான் அதிகம். இரவில் தணிந்துவிடுவதால் காலைப் பரிசோதனையில் சிக்காது. புதுக் கிட்னியை உடம்பு நிராகரிக்காமல் காக்கும் டாக்ரோலிமஸ் மருந்தோ கணையம் இன்சுலின் சுரப்பதையே குறைக்கிறது. இன்னொன்றும் சொன்னார். வேலை முடிந்த இன்சுலினைச் சிதைப்பதில் கிட்னிக்குப் பெரிய பங்கு உண்டு. பழுதான கிட்னி அதைச் சரியாகச் செய்யாததால் இன்சுலின் ரத்தத்தில் நெடுநேரம் தங்கியிருக்கும். சர்க்கரையும் கட்டுக்குள் இருப்பதுபோலத் தெரியும். நல்ல கிட்னி வந்ததும் அந்த மறைப்பு விலகிவிடுகிறது. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி-யையும் தொடக்க மாதங்களில் நம்ப முடியாது. ரத்தம் ஏற்றியிருந்தாலோ, புது ரத்த அணுக்கள் வேகமாக உருவானாலோ அது குறைத்துக் காட்டும். அதனால், கேட்காவிட்டாலும் சாயங்கால அளவை நோட்டில் எழுதிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள்.

காலையில் இன்சுலின் ஊசி போட ஆரம்பித்தேன். ஸ்டெராய்டு அளவைக் குறைக்கக் குறைக்க ஊசியும் குறைந்து, இப்போது மாத்திரையில் நிற்கிறது. டாக்ரோலிமஸால்தானே சுகர், அதை நிறுத்திப் பார் என்று ஒரு உறவினர் சொன்னார். தயவுசெய்து யாரும் அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள், கிட்னியே போய்விடும். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டரின் வேலை.

பசியைச் சமாளிப்பது அதைவிடக் கஷ்டம். ஸ்டெராய்டு தூண்டும் பசி ஒருபக்கம், டயாலிசிஸ் காலம் முழுக்க வாயைக் கட்டிய ஏக்கம் மறுபக்கம். சொதி வைத்த அன்றைக்குச் சோற்றை அளந்து போடச் சொல்லிவிடுவேன். கருப்பட்டிக் காபிக்குச் சுகர் ஏறாது என்று ஆச்சி சாதித்தாள். அவள் முன்னாலேயே மீட்டரில் குத்திக் காட்டினேன், ஏறித்தான் இருந்தது. அப்புறம் அவளே கருப்பட்டி டப்பாவை எடுத்து வைத்துவிட்டாள்.

எலும்பு விஷயம் நேர் தலைகீழ். முன்பு பாஸ்பரஸ் கூடும் என்று பால், தயிர், கடலை எல்லாவற்றுக்கும் தடை. இப்போது ரத்தத்தில் பாஸ்பரஸ் 1.9 தான், 2.5-ஆவது இருக்க வேண்டும். கிட்னி கெட்டிருந்த ஆண்டுகளில் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் வீங்கி, அளவுக்கு மீறிச் சுரந்து பழகிவிட்டன. புதுக் கிட்னி வந்தாலும் அவை உடனே அடங்குவதில்லை. அவை சுரக்கும் ஹார்மோனும், எலும்பிலிருந்து வரும் எஃப்ஜிஎஃப்23 என்ற இன்னொரு ஹார்மோனும் பாஸ்பரஸைச் சிறுநீரில் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. பாலும் தயிரும் முட்டையும் சாப்பிடச் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கால்சியமும் கொஞ்சம் கூடியிருப்பதால் கால்சியம் மாத்திரையை நாமாக வாங்கிப் போடக் கூடாது.

ரத்தம் ஊற உதவும் எரித்ரோபொயட்டினைப் புதுக் கிட்னியே சுரப்பதால், அதற்காக முன்பு போட்டுவந்த ஊசி நின்றுவிட்டது. பாராதைராய்டு ஹார்மோன் அளவு பாதிதான் இறங்கியிருக்கிறது. சிலருக்கு ஒரு வருஷம் தாண்டியும் இழுக்குமாம். தை மாதம் மறுபடி பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போகிறேன்.