நம்ம செவலை எது?

மே 5

கத்திரி தொடங்கி இரண்டாம் நாள். மதியம் மூன்று மணிக்கு இஸ்திரி அக்காவின் மகனைத் தெருநாய் செவலை கடித்துவிட்டது. வலது கை, கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு பல் இறங்கியிருக்கிறது. நான் போவதற்குள் பாட்டி மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து அப்பியிருந்தாள். வழித்தெறிந்துவிட்டுக் குழாயடியில் உட்காரவைத்து, துணி சோப்புப் போட்டு, வாட்சைப் பார்த்துப் பதினைந்து நிமிடம் கழுவினேன். பன்னிரண்டாவது நிமிடத்தில், "போதும் தாத்தா, கை ஊறிப்போச்சு" என்றான். இன்னும் மூணு நிமிஷம்டா.

அடுக்கம்பாறை பெரியாஸ்பத்திரிக்கு ஆட்டோ. காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்கிற எதிர்ப்பு மருந்து, இரண்டு தோளிலும் தோலுக்குள் தடுப்பூசி. அடுத்தது 8, அப்புறம் 12, அப்புறம் ஜூன் 2. சீட்டை அக்காவிடம் கொடுக்காமல் என் பர்ஸிலேயே வைத்துக்கொண்டேன்.

செவலை மோட்டார் ரூமில். 15 வரைக்கும், பத்து நாள் கண்காணிப்பு.

மே 6

நோட்டில் ஒன்பது செவலை இருக்கின்றன.

பொங்கல் கழித்துப் போட்ட வெறிநோய்த் தடுப்பூசி முகாமில் 62 நாய். ஆளுக்கு ஒரு வரி எழுதியிருக்கிறேன். 'வெள்ளை, பெட்டை, டீக்கடை பெஞ்சுக்கு அடியில்.' 'கருப்பு, ஆண், ஒரு கண்ணில் பூ, ரேஷன் கடை.' எழுதும்போது ரொம்பத் தெளிவாக எழுதுவதாகத்தான் நினைத்தேன். 'செவலை, ஆண், கோயில் பக்கம்' என்று ஒன்று. இவன் கோயில் பக்கம் போகவே மாட்டான், அங்கே இருக்கிற கருப்பன் விடமாட்டான். 'செவலை, ஆண், குட்டையடி.' குட்டை எங்கே இருக்கிறது இப்போது?

பட்டாளத்தில் கால்நடை டாக்டராக இருந்த 24 வருடம் நம்பர் இல்லாத உயிரை நான் தொட்டதில்லை. கச்சருக்கு, அதாவது கோவேறு கழுதைக்கு, குளம்பில் நம்பர். நாய்க்கு நம்பர், ஃபைல், தடுப்பூசி அட்டை. ஒரு ஊசி போட்டால் மூன்று இடத்தில் கையெழுத்து. அப்போதெல்லாம் சலித்துக்கொள்வேன்.

மே 7

குப்பிக் கணக்கு. ஒரு குப்பி பத்து மி.லி., நாய்க்கு ஒரு மி.லி. ஏழு குப்பி திறந்தோம், 70. எழுதியது 62. கடைசிக் குப்பிகளில் மிஞ்சிய 7 மி.லி. கொட்டியதாக என் கையெழுத்திலேயே இருக்கிறது. ஒன்று எங்கே?

ஊசியில் சேதாரம் ஆகியிருக்கலாம். எழுதாமல் விட்ட நாயாகவும் இருக்கலாம். அது இவனாக இருக்கலாம்.

தண்ணீர் குடித்தான். குடித்தான் என்று நினைக்கிறேன்.

மே 8

இரண்டாவது ஊசி. வரிசையில் எங்களுக்கு முன்னால் பதினேழு பேர், அதில் பாதிக்கு மேல் நாய்க்கடி. பையன் தோளைத் தேய்த்துக்கொண்டு முகத்தைச் சுளித்தான். வேப்பேரி கால்நடைக் கல்லூரியில் படித்தபோது எனக்கு வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்டார்கள் என்று சட்டையைத் தூக்கிக் காட்டினேன். தழும்பெல்லாம் ஒன்றும் இல்லை, தொப்பைதான் இருந்தது. நம்பவில்லை.

அந்தப் பதினான்கும் ஒரு பசு மாட்டுக்காக. தொண்டையில் மாங்கொட்டை சிக்கியிருக்கிறது என்றார் மாட்டுக்காரர். வாயில் எச்சில் ஒழுகியது, விழுங்க முடியவில்லை. நானும் மாங்கொட்டையைத் தேடி முழங்கை வரை வெறும் கையை விட்டேன். மாங்கொட்டை இல்லை. மூன்றாம் நாள் மாடு செத்தது. தொண்டை அடைத்த மாதிரி இருக்கும் மாட்டைப் பார்த்தால் முதலில் வெறிநோயை நினை என்று பாடத்தில் படித்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

கதை கேட்டான். பெடோங்கி கதை சொன்னேன். குளம்பு நம்பர் 15328. 1971 போரில் பாகிஸ்தான்காரன் பிடித்துக்கொண்டு போய், இயந்திரத் துப்பாக்கியும் குண்டுப் பெட்டியும் முதுகில் ஏற்றினான். அது ஏற்றிய சுமையோடு தப்பி நம்ம பக்கம் நடந்து வந்துவிட்டது. வயதான பிறகு நீல வெல்வெட் விரிப்புப் போர்த்தி மரியாதை செய்தார்கள். கின்னஸிலும் ஏறியது. 1998 வரை இருந்தது. "அதுக்கு வழி எப்படித் தெரியும்?" என்றான் பையன். கச்சருக்குத் தெரியும்.

செவலை சரியாக இருக்கிறான். குரல் மாறவில்லை. கீழ்த்தாடை தொங்கவில்லை.

மே 9

கிண்ணத்தில் உள்பக்கம் சாக்பீஸ் கோடு போட்டேன், தண்ணீரில் கரைந்துவிட்டது. இவள் நகப்பாலிஷ் கொடுத்தாள். ரோஸ் நிறக் கோடு. சாயங்காலம் பார்த்தால் இரண்டு விரல்கடை குறைந்திருக்கிறது. ஆனால் இந்த வெயிலில் வேலூரில் பாலாறே காய்ந்து கிடக்கிறது, கிண்ணம் காயாதா? அதே மாதிரி இன்னொரு கிண்ணம், அதே அளவு தண்ணீர், அதே கோடு, மோட்டார் ரூம் ஜன்னல் திட்டில், செவலைக்கு எட்டாத உயரத்தில். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அவன் குடித்தது.

"உங்களுக்குப் பைத்தியம் பிடிக்கறதுக்கு நாய் கடிக்கவே வேணாம்" என்றாள் இவள்.

மே 10

ஜன்னல் திட்டுக் கிண்ணத்தில் காக்கா குடிக்கிறது.

மே 11

தூக்கம் இல்லை. கரண்டு போய் ஒரு மணிக்கு வந்தது. ஃபிரிட்ஜ் உறுமி நின்று மறுபடி உறுமும்போதுதான் அது ஞாபகம் வந்தது.

முகாம் அன்று ஐஸ் பெட்டி ஆட்டோவின் பின்சீட்டில் இருந்தது. மசூதித் தெருவில் வலை கிழிந்து, அதைத் தைக்க உட்கார்ந்தோம். எவ்வளவு நேரம்? அரை மணி? ஒரு மணி? ஆட்டோ வெயிலில் நின்றது. நான் திரும்பிப் பெட்டியைத் திறந்தபோது ஐஸ் இருந்ததா, தண்ணீர் இருந்ததா? இரண்டு டிகிரிக்கும் எட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய மருந்து. ஜனவரி வெயில்தானே என்று அன்றைக்குச் சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது. பெட்டிக்குள் இருந்தது ஞாபகம் இல்லை.

அப்படியானால் கணக்கில் விட்டுப்போன ஒரு மி.லி. ஒரு விஷயமே இல்லை. மசூதித் தெருவுக்கு அப்புறம் போட்டது முப்பதுக்கு மேல் இருக்கும்.

கச்சர் 417-ஐ நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். வடக்கு சிக்கிமில் சரிவில் இறங்கும்போது எழுபது கிலோ சொச்சம் சுமையோடு முன்னங்கால் முறிந்தது. முறிந்த எலும்பு வெளியே தெரிந்தது. செய்ய ஒன்றும் இல்லை. ஓட்டி வந்த ஜவான் சட்டைப் பையிலிருந்து வெல்லக்கட்டியை எடுத்து அதன் வாயில் வைத்தான். அது மென்றுகொண்டிருக்கும்போதே முடித்தேன். அவன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, கயிற்றை மட்டும் விடாமல், "சாப், நம்பர் எழுதிக்கிட்டீங்களா?" என்று கேட்டான்.

மே 12

மூன்றாவது ஊசி. பையன் அழவில்லை. திரும்பும்போது கம்பங்கூழ் வாங்கிக் கொடுத்தேன். காயம் ஆறுகிறது.

மே 13

காலைச் சோற்றைத் தொடவில்லை.

பால் வைத்தேன், மோந்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். மூலையில் போய்ப் படுத்தான். கூப்பிட்டால் காது மட்டும் ஆடுகிறது. பின்னங்கால் தள்ளாடுகிறதா என்று எழுப்பி நடக்கவைத்துப் பார்த்தேன். தள்ளாடவில்லை. லேசாகத் தள்ளாடுகிறதோ?

பதினோரு மணிக்கு ஐஸ் பெட்டியைக் கழுவி வெயிலில் கவிழ்த்தேன். செத்தால் தலையை ஐஸில் வைத்துப் பரிசோதனைக்குச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். எதற்குக் கழுவுகிறேன் என்று இவள் கேட்கவில்லை. ஆனால் மத்தியானம் அந்தப் பெட்டி சமையலறைப் பக்கம் வரக்கூடாது என்று மட்டும் சொன்னாள்.

அக்காவிடம் சொல்லலாமா? ஊசி போட்டுக்கொண்டுதானே இருக்கிறோம், இம்யூனோகுளோபுலினும் போட்டாயிற்று. பையனுக்கு ஒன்றும் ஆகாது. இதை எத்தனையோ பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன், இதே குரலில். சொல்லவில்லை.

இரவு ஒன்பது. ஜன்னல் திட்டில் எறும்பு ஊர்ந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் குஸ்கா பருக்கை. உள்ளே மூலையில் சாக்குக்குக் கீழே எலும்பு. கோழி எலும்பு, அதுவும் நாய்க்கு! பையனைக் கூப்பிட்டேன். நேற்று ராத்திரி மாமா கல்யாணத்திலிருந்து பிரியாணி வந்ததாம், முக்கால் பொட்டலம் ஜன்னல் வழியாகப் போட்டானாம். பாவமாக இருந்ததாம். திட்டுவதற்கு வாயைத் திறந்தேன், வந்தது சிரிப்பு. அப்புறம் அவனாகவே சொன்னான். பந்து எடுக்கப் போனபோது தூங்கிக்கொண்டிருந்த செவலையின் வாலை மிதித்துவிட்டானாம். எட்டு நாளாக 'நான் ஒண்ணுமே பண்ணல'.

மிதித்ததால் கடித்தான் என்பதை வைத்து நோய் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனாலும் இன்றைக்குத் தூங்குவேன்.

மே 14

சாப்பிட்டான். மூன்று விரல்கடை தண்ணீர், காக்காவைக் கழித்து.

மே 15

வைகாசி ஒன்று. குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. மச்சினர் வீட்டிலிருந்து இரண்டு தடவை ஃபோன், வரவில்லையா என்று. இவள் மட்டும் போனாள்.

பத்தாவது நாள் முடிந்தது. செவலை வாலாட்டுகிறான், குரைக்கிறான், மோட்டார் ரூம் கதவைப் பாதி பிராண்டித் தீர்த்துவிட்டான். கடித்த அன்று எச்சிலில் கிருமி இருந்திருந்தால் இந்நேரம் படுத்திருப்பான். அக்காவிடம் போய்ச் சொன்னேன். இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையும் கூப்பினாள். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அந்த மசூதித் தெரு ஐஸ் பெட்டி அக்காவுக்குத் தெரியாது. ஜூன் 2 ஊசியையும் போட்டுவிடலாம் என்றேன், இந்தத் தெருவில் வளர்கிறவனுக்கு அது வீண் போகாது.

செவலை பிழைத்ததால் என் மருந்து நல்ல மருந்து என்று ஆகாது. அவனுக்கு ஊசி போட்டேனா என்பதே தெரியாது. நோட்டில் இருக்கும் 62-இல் எத்தனைக்கு நான் போட்டது மருந்து, எத்தனைக்கு வெறும் தண்ணீர்? கண்டுபிடிக்க வழியில்லை. எல்லாவற்றுக்கும் மறுபடி போட வேண்டியதுதான். ஒரு ஊசி அதிகமாகப் போனால் நாய்க்கு ஒன்றும் ஆகாது.

எங்கள் கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு ஒருவன் பட்டாளம். எல்லைக்குப் போய் எதைச் சுட்டாய் என்று ஊரில் கேட்டால் அண்ணன்கள் ஏதேதோ சொல்வார்கள். நான் வாயைத் திறக்கமாட்டேன்.

இரவு இவள் குடியாத்தத்திலிருந்து வந்து, மஞ்சள் குங்குமத்தை எடுத்துவைத்துவிட்டுக் கேட்டாள்: "எத்தனை குப்பி?" ஏழு. "பென்ஷன்லயா?" ஆமாம்.

மே 16

ஐஸ் ஆறு கிலோ, மரத்தூள் போட்டு. பெட்டிக்குள் தெர்மாமீட்டர், அரை மணிக்கு ஒரு தடவை பார்த்து எழுத வேண்டும், எழுதுவது பையன். வலை இரண்டு. கழுத்தில் கட்ட நம்பர் எழுதிய பட்டை நாற்பதுதான் கிடைத்தது, மீதிக்கு ரிப்பன். நகப்பாலிஷ் தீர்ந்துவிட்டது. மசூதித் தெருவை முதலில் முடிக்க வேண்டும், வெயில் ஏறுவதற்குள்.

செவலையைப் பிடித்து உட்காரவைத்தாயிற்று. பையன் நோட்டைப் பிரித்து, "தாத்தா, பேரு இன்னா எழுதறது?" என்கிறான். ஆட்டோ ஹாரன் அடிக்கிறது.