ஃப்ரான்ஸ், லில் நகரத்து மாலை இங்கிலீஷ் க்ளாஸ்: ஹாவ் யூ எவர்

அக்டோபர் 7, செவ்வாய்

இன்னைக்கு புது பாடம் ஆரம்பிச்சாச்சு, ஒருத்தரோட அனுபவத்தைப் பத்தி இங்கிலீஷ்ல எப்படிக் கேக்கறது. க்ளாஸ்ல இருக்கறவங்க எல்லாருமே பெரியவங்க, ஒரு நர்ஸ், பேக்கரில வேலை பாக்கறவங்க, ரெண்டு மூணு ஆபீஸ் பசங்க, லான்ஸ் பக்கத்துலேர்ந்து ட்ரெயின் பிடிச்சு வர்ற ரிட்டயர்டு சுரங்கத் தொழிலாளி ஒருத்தர். எல்லாரும் ஸ்கூல்ல வருஷக்கணக்கா இங்கிலீஷ் படிச்சவங்கதான், வெர்ப் லிஸ்ட் கேட்டா கோ வென்ட் கான்னு கடகடன்னு ஒப்பிப்பாங்க. ஆனா பக்கத்துல இருக்கறவங்கள பாத்து "லண்டன் போயிருக்கீங்களா"ன்னு கேளுங்கன்னா நின்னுடுறாங்க. இத்தனைக்கும் லில்லுலேர்ந்து லண்டன் யூரோஸ்டார் ட்ரெயின்ல ஒன்றரை மணி நேரம்தான், கதை இல்லாத ஆளே இங்க கிடையாது.

முதல்ல வந்த கேள்வி "டிட் யூ ஆல்ரெடி கோ டு லண்டன்?" ஃப்ரெஞ்சுல "து எ தேஜா அலே அ லோந்த்ர்"னு கேப்பாங்க, அந்த தேஜாதான் ஆல்ரெடியா வந்து உக்காருது. கேக்கற இங்கிலீஷ்காரனுக்கு அது "என்ன, அதுக்குள்ள போயிட்டு வந்தாச்சா?"ன்ற மாதிரி விழும். தேஜாவுக்குள்ளயே இங்கிலீஷ் "எவர்", "ஆல்ரெடி" ரெண்டும் இருக்கு, அதைப் பிரிச்சுக் காட்டறதுக்கே இன்னைக்கு க்ளாஸ் முடிஞ்சிருச்சு.

அக்டோபர் 9, வியாழன்

இவங்களுக்கு இது கஷ்டமா இருக்கறதுக்குக் காரணம் தெரியாத உருவம்ங்கறது இல்ல, ரொம்பத் தெரிஞ்ச உருவம்ங்கறதுதான். ஃப்ரெஞ்சுப் பேச்சுல வர்ற இறந்தகாலம், பஸ்ஸே கொம்போஸே, பாக்க அப்படியே ஹாவ் போட்ட இங்கிலீஷ் மாதிரியே இருக்கும், ஆனா நேத்து நடந்ததுக்கும் அதேதான், போன வருஷம் நடந்ததுக்கும் அதேதான். அதனால "ஐ ஹாவ் சீன் ஹிம் யெஸ்டர்டே"ன்னு தயக்கமே இல்லாம வருது. இதுல இன்னொரு சிக்கல் பேருல இருக்கு. பஸ்ஸே சேம்ப்ள்னு அவங்களுக்கு ஒரு காலம் உண்டு, அது நாவல்லயும் தேவதைக் கதையிலயும்தான் உயிரோட இருக்கு, பேச்சுல யாரும் தொடறதில்ல. நான் பாஸ்ட் சிம்பிள்னு சொன்ன உடனே இது எழுத்துக்கு மட்டும்போலன்னு மனசு ஒதுக்கிடுது.

அதனால காலத்தோட பேரையே க்ளாஸ்ல சொல்றதில்லன்னு முடிவு பண்ணிட்டேன். ஒரே ஒரு விதி: முதல் கேள்வில தேதி கிடையாது, முழு வாழ்க்கைக்கும் சேத்துக் கேக்கணும், ஹாவ் யூ எவர். எதிர்ல யெஸ்னு வந்துட்டா அந்த நொடியே தேதி உள்ள வந்துருது, அதுக்கப்புறம் எல்லா கேள்வியும் டிட்தான்.

நர்ஸ் டன்கெர்க்ங்கற கடலோர ஊர்க்காரங்க. அங்க கார்னிவல்ல முனிசிபாலிட்டி பால்கனிலேர்ந்து கீழ நிக்கற கூட்டத்துல ஹெரிங் மீனை வீசுவாங்க. பேக்கரிக்காரம்மா கேட்டாங்க, "ஹாவ் யூ எவர் காட் எ ஹெரிங்?" "யெஸ், ஐ ஹாவ்." "வென் டிட் யூ காட்ச் இட்?" சின்ன வயசுல, அப்பா தோள்ல உக்காந்து பிடிச்சேன்னாங்க. "வாட் டிட் யூ டூ வித் இட்?" வீட்டுக்குக் கொண்டுபோய் உருளைக்கிழங்கோட சாப்ட்டோம்னு பதில். நான் குறுக்க ஒரு வார்த்தை பேசல, காலம் தானா மாறி மாறி வந்துச்சு, அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு.

அக்டோபர் 14, செவ்வாய்

வீட்டுக்கு வர்ற வழில மெட்ரோல யோசிச்சுட்டே வந்தேன், தமிழ்ல நமக்கு இது ஏற்கனவே இருக்கே. "லண்டன் போயிருக்கீங்களா?"ன்னு கேட்டா வாழ்க்கைல எப்பவாவது, "லண்டன் போனீங்களா?"ன்னா ஒரு குறிப்பிட்ட பயணம். "போயிருக்கேன், ரெண்டாயிரத்துப் பதினெட்டுல போனேன்"னு பதில் சொல்லும்போது நாமளும் பாதிலயே காலத்தை மாத்திடறோம், யாரும் நமக்கு சொல்லிக் குடுத்ததில்ல. தமிழ்ப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லித் தர்றவங்க இந்த இருக்கு-வை பிடிச்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சுது.

ஆனா பீன், கான் வித்தியாசத்துக்கு தமிழும் உதவாது, ஃப்ரெஞ்சும் உதவாது. "அவர் லண்டன் போயிருக்கார்"னா போயிட்டு வந்தவரா, இப்ப அங்க இருக்காரான்னு நாமளும் பேச்சை வச்சுதான் கண்டுபிடிக்கணும். ஃப்ரெஞ்சுல போற வர்ற வெர்புக்கெல்லாம் ஹாவுக்கு பதிலா எத்ர், அதாவது இங்கிலீஷ் ஆம்-இஸ் மாதிரி ஒண்ணு, வரும், அதனால "ஐ ஆம் கான் டு லண்டன்"னு ஒரு ஆபீஸ் பையன் சொன்னான். போர்டுல ரெண்டு டிக்கெட் வரைஞ்சேன், ஒண்ணு போக மட்டும், ஒண்ணு போக-வர, ரெண்டாவதுக்கு பீன். அதுக்கப்புறம் ஹ உச்சரிப்பு. ஹாவ்-ல ஹ விழுந்துடும், எவர்-ல வந்து ஒட்டிக்கும், "ஆவ் யூ ஹெவர்". மெதுவா சொல்லச் சொன்னா சரியா வருது, வேகம் கூடினா இடம் மாறிடுது, இதுக்கு வாய்ப்பழக்கம் தவிர வேற வழி இல்ல.

அக்டோபர் 16, வியாழன்

நாளன்னைலேர்ந்து துசேன் (புனிதர் எல்லாருக்குமான திருநாள்) லீவு, அதனால இன்னைக்கு சாப்பாட்டுப் பேச்சு. ஒருத்தர் என்னைக் கேட்டார், "ஹாவ் யூ நெவர் ஈட்டன் மரவால்?" இந்தப் பக்கத்து சீஸ், வாசனை ஒரு தெரு தாண்டி வரும். அவர் சாதாரணமாத்தான் கேக்கறார், ஆனா இங்கிலீஷ்ல அது "என்னது, சாப்பிட்டதே இல்லையா!"ன்னு ஆகிடுது. ஃப்ரெஞ்சு ஜமே எவர், நெவர் ரெண்டுக்கும் வேலை செய்யும், அதான் நெவர் வந்துருது. இது சின்ன தப்புன்னு விட முடியாது, வேலைக்கு இன்டர்வியூ எடுக்கற இடத்துல "ஹாவ் யூ நெவர் மேனேஜ்ட் எ டீம்?"னு கேட்டா எதிர்ல இருக்கறவங்களுக்கு முகம் சுருங்கிடும்.

நவம்பர் 4, செவ்வாய்

லீவு முடிஞ்சு முதல் க்ளாஸ், பாதி மறந்திருக்கும்னு நினைச்சேன், இல்ல. ஆபீஸ் பையன் சுரங்கத்துப் பெரியவர்கிட்ட கேட்டான், "ஹாவ் யூ எவர் பீன் அஃப்ரெய்ட் அண்டர்கிரவுண்ட்?" அவர் யெஸ் சொன்னார். எப்போன்னு கேட்டான். முதல் நாள் லிஃப்ட்ல இறங்கும்போதுன்னார், கூண்டு விழுந்துச்சுன்னே நினைச்சேன்னு கையால கீழ இறக்கிக் காட்டினார். இந்தப் பகுதில கடைசி நிலக்கரி 1990 டிசம்பர் 21ல வான்யிங்கற ஊர்ல மேல வந்துச்சு, அன்னைக்கு அவரும் அங்க போய் நின்னாராம்.

அப்புறம் பையன் "ஹாஸ் யுவர் கிராண்ட்ஃபாதர் எவர் வொர்க்ட் இன் தி மைன்?"னு கேட்டான். தாத்தா இறந்து பல வருஷம் ஆச்சு. உயிரோட இருக்கறவங்களுக்குத்தான் ஹாவ் யூ எவர், வாழ்க்கை இன்னும் திறந்திருக்கணும், முடிஞ்சு போனவங்களுக்கு "டிட் ஹி எவர் வொர்க்"னுதான் கேக்கணும். இங்க தமிழ் நம்ம கையை விட்டுடுது, இறந்த தாத்தாவைப் பத்தியும் "வேலை பாத்திருக்கார்"னு தாராளமா சொல்றோம். பெரியவர் உடனே பிடிச்சுக்கிட்டார், 1906 மார்ச் 10 கூரியேர் சுரங்க விபத்தை, 1099 பேர் செத்துப் போனதை, ஒரு ஹாவ் கூட கலக்காம முழுக்க பாஸ்ட்லயே சொல்லி முடிச்சார்.

வியாழக்கிழமைக்கு ஹவ் லாங். "ஐ லிவ் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்"னு எல்லாரும் சொல்வாங்க, ஃப்ரெஞ்சுல சின்ஸ், ஃபார் ரெண்டுக்கும் தெப்புய்தான், அது அப்படித்தான் இழுக்கும். பெரியவரோட கதையையே எடுத்துக்கலாம்னு இருக்கேன், எத்தனை வருஷமா லான்ஸ்ல இருக்கீங்க, எத்தனை வருஷம் சுரங்கத்துல இருந்தீங்க, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு.